ஜோடிப் படிப்பு

பெஞ்சு இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவின ஈரத்தோடு ஹாலுக்குள் நுழையும்போதே கோகிலவாணி பார்த்துவிட்டாள், ஒரு பெஞ்சுகூட இல்லை, பரீட்சைக்கு நம்பர் ஒட்டுகிறேன் பேர்வழி என்று காலையிலேயே அத்தனையையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் பாவிகள், தகரக் கூரைக்குக் கீழே வெறும் சிமெண்டுத் தரை, தரைமேல் ஆண்டுவிழாவுக்கு விரிக்கிற ஜமுக்காளம், அதன்மேல் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஜோடி ஜோடியாக எதிரும் புதிருமாகச் சம்மணம் போட்டு நாளைய உயிரியல் தேர்வுக்குக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், பிட்யூட்டரி பிட்யூட்டரி என்று ஒருத்தி, மெண்டல் மெண்டல் என்று ஒருத்தி, எல்லாம் தகரத்தில் மோதித் திரும்பி வந்து மண்டைக்குள் இறங்குகிறது. பெஞ்சு இருந்தால் விளிம்பு இருக்கும். விளிம்பு இருந்தால் ஸ்கேலை அதில் போடலாம். அவள் ஜோடியான ஜெனிட்டா கையை விளிம்பை ஒட்டி நீட்டி வைத்துக்கொள்வாள், ஆடாமல் அசையாமல், கோகிலவாணி ஸ்கேலை ஓங்கி அவள் விரலுக்குப் பக்கத்தில் மரத்தில் இறக்குவாள், பட்டென்று கேட்கும், ஜெனிட்டா உதட்டைக் கடித்து ஸ்ஸ் என்பாள், அப்புறம் உள்ளங்கையைச் சொரசொரப்பான சுவரில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும், செக்கச்செவேலென்று அடி விழுந்த கை ரெடி. ஆயுத பூஜை லீவு முடிந்து வந்ததிலிருந்து இந்தத் திருட்டுத்தனம்தான் ரெண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டு வருகிறது. கையை மட்டும் இழுக்கவே கூடாது. இழுத்தால் குறி தப்பும், ஸ்கேல் நிஜமாகவே விரலில் விழும். அதனால் ஜெனிட்டா இழுக்கமாட்டாள், கண்ணைக்கூட மூடமாட்டாள், ஸ்கேல் மேலே போகிறபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்க்கும், அதை அடக்குவதுதான் அவளுக்குப் பெரும்பாடு. இப்போது விளிம்புக்கு எங்கே போவது? ஜமுக்காளத்தில் அடித்தால் தூசிதான் வரும்.

இந்த விடுதிப் பள்ளியில் வாத்தியார்கள் யாரும் அடிப்பதில்லை, அதைச் சத்தியமாகச் சொல்லலாம். போன வருஷம் ஒரு பையனுக்குக் காதுச் சவ்வு கிழிந்து, அவன் அப்பா ஆட்களோடு வந்து கேட்டைப் பிடித்து உலுக்கியதிலிருந்து, பிள்ளைகள் மேல் ஒரு விரல் படக்கூடாது என்று உத்தரவு. அதற்குச் சாந்தகுமாரி மிஸ் கண்டுபிடித்ததுதான் ஜோடிப் படிப்பு. ஒருத்தி கேட்க வேண்டும், ஒருத்தி சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் கேட்டவளே அடிக்க வேண்டும். என்ன மூளை பாருங்கள்! மிஸ் குரலை உயர்த்துவதே கிடையாது. கண்ணு, தங்கம், சாமி என்றுதான் பேசுவாள். நான் அடிச்சா அது அடி, உன் ஃப்ரெண்டு அடிச்சா அது அக்கறை கண்ணு, என்பாள். யாராவது ஜோடிக்கு இரக்கம் பார்த்தால் அந்த ஜோடியைப் பிரித்து, படிக்காதவளைக் கொண்டுபோய் மூலையில் உட்கார்ந்திருக்கிற அதே வகுப்புச் சங்கமித்ராவிடம் விட்டுவிடுவாள். சங்கமித்ரா ஸ்கேலைத் தட்டையாகப் பிடிக்கமாட்டாள், கூர்ப்பக்கமாகத் திருப்பி விரல் முட்டியில் போடுவாள், மஞ்சுவுக்கு விரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல் போனதே, கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல வைத்தார்களே. ஜெனிட்டாவை அங்கே விடுவதா? ஜெனிட்டாவின் விரல் படம் போடுகிற விரல். இருதயத்தைப் போடச் சொன்னால் புத்தகத்தில் இருப்பதைவிட அழகாகப் போடுவாள், வால்வு வால்வாக, நாளம் நாளமாக, ஆனால் பேர் எழுதச் சொன்னால் எல்லாம் தலைகீழ், வலதுக்கு இடது, மேலுக்குக் கீழ். படி, படித்துத் தொலை என்று தினமும் சொல்லியாகிறது. அவளுக்குப் பயமே இல்லை. நீ இருக்கறப்ப எனக்கென்னடி பயம் என்கிறாள். இப்பவும் பாருங்கள், எதிரே உட்கார்ந்துகொண்டு, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் பின்னாலிருந்து, "சாயங்காலம் போண்டாவாம்டி கோகி, சமையல்கார அண்ணன் உருளைக்கிழங்கு உரிக்கறத நானே பாத்தேன்" என்கிறாள். அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்கப் பார்க்க கோகிலவாணிக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடித்தது. பெஞ்சு இல்லையென்று இவளுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் போண்டாவா?

ஸ்கேல் கோகிலவாணியின் மடியில் கிடந்தது. மரஸ்கேல், ஓரத்தில் மை ஊறி இருந்தது. அதைப் பிடித்திருந்த தன் கட்டைவிரலைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது, ஆனாலும் பார்த்தாள். குட்டையாக, நுனி அகன்று, நகம் படுத்துக்கொண்டிருக்கிற விரல். அப்பாவின் விரல். பிறந்த அன்றைக்கே அத்தை தூக்கிப் பார்த்துவிட்டு அப்பன் கைய அப்படியே வெச்சிருக்குது என்றாளாம், அதை ஒரு பெருமையாக வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா ரிக் வண்டியில் போர்க்கிணறு போடப் போகிறவர், மாசக்கணக்கில் ஜபல்பூர் பக்கம் கிடந்துவிட்டு வருவார், அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், வரும்போது பாப்பாவுக்கு ஸ்வெட்டர், பாப்பாவுக்கு வளையல், பாப்பாவைக் கண்டால் உருகிவிடுவார். அம்மாவைக் கண்டால்தான் கை சும்மா இருக்காது. குழம்பில் உப்பு, பக்கத்து வீட்டில் பேச்சு, போன் எடுக்க நேரமானது, எதுவும் போதும். அடிக்கிறபோது அப்பாவின் முகத்தில் கோபம்கூட இருக்காது, ஒரு வேலையைச் செய்து முடிக்கிற முகம், இரும்பு ராடைக் கோக்கிற முகம், தலைமயிரை இடதுகையில் சுற்றிக்கொண்டு வலதுகையால், ஒவ்வொரு அடிக்கும் நடுவே, நீதான்டி என்ன அடிக்க வெக்கற, நீதான்டி, நீதான். அடிகூடப் பரவாயில்லை என்று கோகிலவாணிக்குத் தோன்றும். அதுக்கு மறுநாள் இருக்கிறதே, அதுதான் தாங்காது. அப்பா சாதாரணமாக ஆணியில் தொங்குகிற சட்டையை எடுக்கக் கையைத் தூக்குவார், அடுப்படியில் நிற்கிற அம்மாவின் தோள் தானாக மேலே ஏறிக் காதை மூடும், சட்டைதான் என்று தெரிந்த பிறகு மெல்ல இறங்கும், அப்புறம் அம்மா சிரித்த மாதிரி ஒரு குரலில், பஞ்சுபோல ஒரு குரலில், இன்னொரு தோசை வெக்கட்டுங்களா என்பாள். அந்தக் குரலைக் கேட்டால் கோகிலவாணிக்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறியத் தோன்றும். யார்மேல் எறிவது என்பதுதான் தெரியாது. சில நாள் அப்பா மேல். சில நாள், சொல்லக் கூடாது, சில நாள் அம்மா மேல்தான். ஏன் இப்படி நிற்கிறாய், ஏன் கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி நிற்கிறாய் என்று அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். உலுக்க நீள்கிற கையில் இந்தக் கட்டைவிரல் இருக்கும். உடனே மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். மெண்டல் பாடத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று மிஸ் போர்டில் எழுதின அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓங்கு பண்பு ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும், வெளியே தெரியும். விரல் தெரிகிறது. விரலோடு வேறென்ன வந்திருக்கிறது என்று எந்தக் கட்டம் போட்டுப் பார்ப்பது? நான் யாரையும் அடிக்கமாட்டேன், செத்தாலும் அடிக்கமாட்டேன் என்று அன்றைக்கு அவள் ஜெனிட்டாவிடம் சொன்னாள். ஜெனிட்டா விவரம் எதுவும் கேட்கவில்லை. சரி விடு, பெஞ்ச அடி, அதுக்கு வலிக்காது என்று மட்டும் சொன்னாள். அப்படித்தான் இந்தத் திருட்டுத்தனமே ஆரம்பித்தது.

"கேளு கோகி, மிஸ் பாக்கறாங்க" என்றாள் ஜெனிட்டா. கேட்கத்தான் வேண்டும். தமனி எது, சிரை எது? சொல்லிவிட்டாள், நல்லவேளை. இருதயத்தைச் சுற்றியுள்ள உறை? "பெரி, பெரி, பெரிகார்டியம்!" சொல்லிவிட்டாள், மகராசி. கோகிலவாணிக்கு மூச்சு வந்தது. இருதயம் ஜெனிட்டாவுக்கு மறக்காது, மிஸ் கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு இருதயம் வாங்கிவரச் சொல்லி மேஜைமேல் வைத்துக் காட்டினாளே, அன்றைக்குப் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், ஜெனிட்டா தள்ளி நின்று படம் போட்டாள், யார் வெட்டறீங்க என்றபோது கோகிலவாணிதான் முன்னால் போனாள். பிளேடு முதலில் வழுக்கியது. அப்புறம் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. அது போன விதம்! தசை இரண்டாகப் பிரிந்து வழிவிட்டதும், உள்ளே உறைந்திருந்த கருஞ்சிவப்பு அவள் விரலில் ஒட்டியதும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் ஆழமாக என்று கை கேட்டதும், மிஸ் போதும் சாமி என்று சொல்லும்வரை அவள் வெட்டிக்கொண்டே இருந்ததும். நல்ல கை கண்ணு உனக்கு, நடுங்கவே இல்ல பாரு, டாக்டர் கை என்றாள் மிஸ். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி விடுதிக் குழாயில் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினாள், வாடை போகவே இல்லை, நல்ல கை, நல்ல கை, யாருக்கு வேண்டும் இந்த நல்ல கை. "என்னடி பேய் புடிச்ச மாதிரி பாக்கற, அடுத்தது கேளு." அடுத்தது அனிச்சைச் செயல். சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை தானாகப் பின்னால் வருகிறது. மூளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, தண்டுவடமே முடிவு பண்ணிவிடுகிறது. மூளைக்கு விஷயம் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். "சூடு பட்ட தகவல தண்டுவடத்துக்குக் கொண்டுபோறது எது?" என்று கேட்டாள் கோகிலவாணி. ஜெனிட்டா கூரையைப் பார்த்தாள். "இயக்க நரம்பு." உணர்ச்சி நரம்புடி மூதேவி, உணர்ச்சி நரம்பு, இயக்க நரம்பு திரும்பி வர்றது, நேற்றைக்கெல்லாம் கத்தினேனே. கோகிலவாணி புருவத்தைத் தூக்கிக் காட்டினாள், உதட்டை உ என்று குவித்துக்கூடக் காட்டினாள். "இயக்க நரம்புதான்" என்றாள் ஜெனிட்டா, இன்னும் உறுதியாக. பக்கத்து ஜோடிகள் திரும்பிப் பார்த்தன. ஒரு அடி போட்டாக வேண்டும். ஜெனிட்டா கையை நீட்டினாள், வழக்கம்போல, அசையாமல், வெறும் காற்றில், கண்ணில் அந்த அடக்கின சிரிப்போடு.

கோகிலவாணி மடியிலிருந்த புத்தகத்தின் அட்டையில் போட்டாள். பொத்தென்று கேட்டது. தலையணையில் அடித்த சத்தம். அந்தச் சத்தம் வெளியே வந்ததுமே தெரிந்துபோயிற்று, ஐயோ, இது இல்லை, இந்தச் சத்தம் இல்லை. ஜெனிட்டா அவசரமாக ஸ்ஸ் என்றாள். அதுவும் கொஞ்சம் லேட்டு. ஹாலின் அந்தக் கோடியில் சாந்தகுமாரி மிஸ்ஸின் செருப்பு நின்றது, பிறகு இந்தப் பக்கமாக வந்தது. "கோகி, என்ன சத்தம் கண்ணு அது?" "அடிச்சேன் மிஸ்." "எதை?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிஸ் குனிந்து ஜெனிட்டாவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், வெள்ளை வெளேரென்று இருந்தது, மை மட்டும் இருந்தது. மிஸ்ஸுக்குக் கோபமே வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். "எத்தனை நாளா தங்கம் இது நடக்குது? சரி, கேக்கல. நாளைக்குப் பேப்பர்ல இவ தப்பா எழுதினா உனக்குச் சந்தோஷமா? நீதான் இவள கெடுக்கற. மறுபடி கேளு. தப்பா சொன்னா அடி. உன்னால முடியலன்னா சொல்லிரு, சங்கமித்ராகிட்ட அனுப்பிக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல." மூலையில் சங்கமித்ரா ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கோகிலவாணி கேள்வியைக் கேட்டாள். அதே கேள்விதான், பதிலைத்தான் உதட்டில் வைத்துக் காட்டியாயிற்றே, சொல்லு, சொல்லிவிடு என் செல்லமே, ஒரு வார்த்தைதானே, சொன்னால் எல்லாம் முடிந்தது, போண்டா சாப்பிடலாம். ஜெனிட்டாவின் கண் மிஸ்ஸின் செருப்பில் இருந்தது. முதன்முறையாக அதில் பயம் இருந்தது, பயத்தில் அவளுக்கு எல்லாமே போய்விட்டது. "இயக்க" என்றாள். உடனே, "இல்ல இல்ல" என்றாள். கோகிலவாணிக்குள் சூடாக ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தோளுக்கு ஏறியது. ஏன்டி? ஒரு வார்த்தைடி! எனக்காக ஒரு வார்த்தை படிக்க மாட்டாயா? நீ இருக்கறப்ப என்ன பயமா? உன்னால்தானே நான் இந்த ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

ஜெனிட்டா கையை நீட்டினாள். அசையாமல் வைத்துக்கொண்டாள், ஏதோ ஒரு வழி கோகிக்குத் தெரிந்திருக்கும் என்கிற மாதிரி, கண்ணைத் திறந்தபடியே. முதல் அடி விழுந்தது. பட்டென்று, சுத்தமாக, பெஞ்சில் விழுகிற அதே சத்தத்தோடு சதையில் விழுந்தது. ஜெனிட்டா ஸ்ஸ் என்று சொல்லவில்லை. கையைப் பார்த்தாள், பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள், புரியாமல். அந்தப் பார்வைதான் பொறுக்கவில்லை. அப்படிப் பார்க்காதே, அம்மா மாதிரிப் பார்க்காதே, இழு, கையை இழுத்துத் தொலை. இரண்டாவது அடி கீழே வருவதற்குள் ஜெனிட்டாவின் கை தானாகப் பின்னால் போய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, ஸ்கேல் காற்றைக் கிழித்துக்கொண்டு தரையில் மோதியது. "கை இழுத்தா கணக்குல சேத்தி இல்ல கண்ணு" என்றாள் மிஸ் மேலேயிருந்து. கோகிலவாணி இடதுகையை நீட்டி ஜெனிட்டாவின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தாள். மிஸ் பிடிக்கச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. பிடித்து, பின்னால் வளைத்து, உள்ளங்கையை மேலே கொண்டுவந்து அடித்தாள். அடித்தாள். ஸ்கேல் திரும்பிக்கொண்டது, கூர்ப்பக்கம் கீழே வந்தது, வந்தால் வரட்டும். பிளேடு வழுக்கிப் பிறகு ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு உள்ளே போனதே, அதே மாதிரி கை ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டது, இனிமேல் அதுவே பார்த்துக்கொள்ளும், அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மணிக்கட்டில் விழுந்தது. வளையல் உடைந்தது. ஜெனிட்டா இப்போது கத்தினாள், "கோகி வேணான்டி, கோகி, உணர்ச்சி நரம்பு, உணர்ச்சி நரம்புடி, சொல்லிட்டேன்டி!" சொல்லிவிட்டாள். சரியாகச் சொல்லிவிட்டாள். சொல்லியும் கை நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவே யாரோ ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தட்டையான குரலில், வேலையோடு வேலையாக, நீதான்டி என்ன அடிக்க வெக்கற, நீதான்டி, நீதான். யார் அது என்று கோகிலவாணி தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஹாலே வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"போதும் சாமி, போதும் போதும்" என்று மிஸ்தான் ஸ்கேலைப் பிடித்தாள். மிஸ்ஸுக்கே முகம் கொஞ்சம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனால் குனிந்து ஜெனிட்டாவின் மணிக்கட்டில் வளையல் கீறின இடத்தைக் கர்சீப்பால் ஒற்றியெடுத்துவிட்டு, நிமிர்ந்தபோது பழைய குரல் வந்துவிட்டது. "பாத்தியா, பதில் வந்துருச்சில்ல? இதுதான் ஜோடி. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நல்ல கை கண்ணு உனக்கு" என்றாள். "என்ன வேடிக்கை? படிங்க!" செருப்பு நகர்ந்தது. பிட்யூட்டரி பிட்யூட்டரி என்று ஒருத்தி ஆரம்பித்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், தகரம் பழையபடி அதிரத் தொடங்கியது. ஜெனிட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அழுகையை யாரும் பார்க்காதபடி புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை, புத்தகம் சரிந்து மடியில் விழுந்தது. ஜமுக்காளத்தில் கண்ணாடி வளையல் துண்டு மூன்று நாலு கிடந்தது, பச்சை, கிறிஸ்துமஸுக்குப் போட்டுக்கொண்டது. மன்னிச்சிருடி என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அப்பாவும்தான் சொல்வார், ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்து சொல்வார். இல்லை, நான் அவர் இல்லை, என்னை மிஸ் செய்யச் சொன்னாள், பெஞ்சு இல்லை, சங்கமித்ரா இருக்கிறாள், உனக்காகத்தான், உன் விரலுக்காகத்தான். விரலா! கோகிலவாணி அந்த விரல்களைப் பார்க்க முயன்றாள், பார்க்க முடியவில்லை. தண்ணீராவது கொடுக்கலாம். தண்ணீர் பாட்டில் ஜெனிட்டாவுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தது. அதை எடுக்கத்தான், சத்தியமாக அதை எடுக்கத்தான், கோகிலவாணி எக்கி, வலதுகையை ஜெனிட்டாவின் தோளைத் தாண்டி நீட்டினாள்.

ஜெனிட்டாவின் தோள் மேலே ஏறிக் காதை மூடியது. தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, கண் இறுக்க மூடிக்கொண்டது. பாட்டில்தான் என்று தெரிந்ததும் தோள் மெல்லக் கீழே இறங்கியது. கோகிலவாணியின் கை பாட்டில்மேல் அப்படியே நின்றுவிட்டது, அகன்ற கட்டைவிரல் மூடியின்மேல் இருந்தது. ஜெனிட்டா கண்ணைத் திறந்தாள், புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அவசரமாகச் சம்மணத்தைச் சரிசெய்து நேராக உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் சிரித்த மாதிரி ஒரு குரலில், பஞ்சுபோல ஒரு குரலில், இதுவரைக்கும் அவளிடம் கோகிலவாணி கேட்டே இராத குரலில் சொன்னாள்.

"அடுத்தது கேக்கறியா கோகி? இந்தத் தடவ கரெக்டா சொல்லிருவேன்."